புதன்கிழமைக் குப்பி

தட்டம்மைத் தடுப்பு மருந்து
குப்பிக்குப் பத்துப் பேர்.
கலக்கினால் நான்கு மணி நேரம் உயிர்.
பிறகு அதைத் தொடக்கூடாது.
ஒரு பிள்ளை வந்தாலும் உடை,
திருப்பி அனுப்பாதே என்பது உத்தரவு.

நான் சேர்ந்த வருஷம் ஐந்து பேர் குப்பி.
அருமனைக்கு மேலே, ஓடு ஒழுகும் இதே துணை நிலையத்தில்
பத்து மணிக்கெல்லாம் மூன்றாவது குப்பி உடைத்திருப்பேன்.
வரிசையின் கடைசிப் பிள்ளை
மற்ற பிள்ளைகளுக்காக அழுதே களைத்து
ஊசி ஏறும்போது உறங்கிப்போயிருக்கும்.
இப்போது குப்பி பெருத்துவிட்டது.

இன்றைக்கு ஒருத்தன்.
ஆயுஷ் ஓராவ்,
ஒன்பது மாதம் முடிந்து நாலு நாள்.
அப்பனுக்குத் தடிமில்லில் அறுப்பு வேலை.
அம்மா பூல்மணி.
தாயின் வயது என்ற கட்டத்தில்
இருபது என்று எழுதும்போது பேனா நின்றது,
விற்றுவிட்ட வீட்டின் கதவு எண்ணை
எழுதச் சொன்னதுபோல.

முதல் பதிவேட்டில் அந்தக் கட்டம் முழுக்க
இருபத்தொன்று, இருபத்திரண்டு.
எந்த மழைக்கு அது இருபத்தெட்டானது
என்று கேட்டால் எனக்குத் தெரியாது.
நர்சிங் படித்து, மஸ்கட் போய், படித்த கடன் அடைத்து,
தங்கச்சிக்கு எண்பது பவன் எண்ணிக் கொடுத்து,
மாடி கட்டி, மாடிக்கு மேல் தகரம் போட்டு,
பிறகு கல்யாணம்.
மாப்பிள்ளை கப்பலில்.
முப்பத்தைந்து தாண்டினால் சிவப்பில் எழுத வேண்டும்.
சிவப்புப் பேனாதான் தீர்ந்து தீர்ந்து வாங்குகிறேன்.
நீலத்தில் மை உறைந்து கிடக்கிறது.

ஏசுவடியாளிடம் நான்தான் போனேன்.
ரெண்டும் பெண்ணாப் போச்சே,
இன்னும் ஒண்ணு பார்க்கட்டும் என்றாள்.
வேண்டாம் என்றேன்.
ரப்பர்க் காட்டு வழியே ஏழு தடவை நடந்து
ஏழு தடவை வேண்டாம் என்றேன்.
அந்த மாதம் எனக்கு இலக்கு பன்னிரண்டு,
கையில் பதினொன்று.
குழித்துறை முகாமில் அவளுக்கு ஒரு பச்சை வாளி கொடுத்தார்கள்.
இன்றும் அதில்தான் பாலுறைய ஆசிட் கலக்குகிறாள்.
போன வருஷம் வாளியோடு வாசலில் நின்று கேட்டாள்:
நிறுத்தச் சொன்னது நீதானே மக்கா,
மூத்தவளுக்கு முப்பத்தெட்டாச்சு,
தொடங்கவும் நீயே சொல்லு.

அதற்கொரு படிவம் எங்கள் துறையில் இல்லை.
சாயா போட்டுக் கொடுத்தேன்.

மூத்தவள் ஷெர்லின் விஜிலா.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
நாகர்கோவிலில் இரண்டு முறை தவறி
மூன்றாவதில் தங்கியது.
பத்தொன்பது வாரம். சிவப்பு அட்டை.
ரத்த அழுத்தம் பார்க்க இன்று பெஞ்சில் இருந்தாள்.

பூல்மணி என்னிடம் ஏதோ கேட்டாள்.
எனக்குத் தெரிந்த இந்தி, ஊசி, நாளை, பயப்படாதே.
அவள் கேட்டது அந்த மூன்றுமில்லை.
விஜிலா எழுந்து வந்தாள்.
காய்ச்சல் வருமா என்கிறாள் சிஸ்டர், என்றாள்.
பிறகு மஸ்கட் வார்டில் பதினொரு வருஷம் பேசிய இந்தியில்
எத்தனை மில்லி, எத்தனை மணிக்கொருதரம்,
தொடையைத் தேய்க்காதே
என்று அவளே சொன்னாள்.
சொல்லிக்கொண்டே பிள்ளையின் காலைப் பிடித்துக்கொண்டாள்,
வேலையாகப் பிடிக்கிற பிடி.
ஊசி எடுத்த பிறகும் விடவில்லை.

உடைத்த நேரம் பத்து இருபது என்று குப்பியில் எழுதினேன்.
பூல்மணி மழைக்கு முன்னால் இறங்கிப் போனாள்.
விஜிலாவின் அழுத்தம் நூற்றுமுப்பது, எண்பத்தாறு.
உப்பைக் குறை, வீட்டுக்குப் போ என்றேன்.

போகவில்லை.
ஐஸ் பெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து
எத்தனை மணி வரைக்கும் சிஸ்டர் என்றாள்.
இரண்டு இருபது.
ஒன்பது பேருக்கு இருக்கிறது இல்லையா என்றாள்.
இருக்கிறது.

எதிரே ரப்பர் மரங்கள்
மழைக்குப் பிளாஸ்டிக் பாவாடை கட்டி நின்றன.
வளைவில் ஒரு பஸ் ஹாரன் அடித்தது.
இரண்டு பேரும் ரோட்டைப் பார்த்தோம்.